கரு உருண்டையும் எங்க ஊர் இருட்டும்

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "கவிதை நாப்பத்தேழு வந்துடுச்சு. அதுல முப்பது காதல். கட்டுரையா குடு" என்றார்கள். "எதைப் பத்தி?" "உன் இஷ்டம்."

இஷ்டம் என்று சொல்லிவிட்டதால், இதுவரை நம் மலரில் யாரும் எழுதாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வானத்தில் இருக்கிற சின்னச் சின்னக் கறுப்பு மேகங்கள்! மழை மேகம் இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிற மேகம். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே... நம் தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரும், பழவேற்காடு ஏரியும், எண்ணூர்ப் பக்கத்து லைட்டும் இதற்குள் வருகின்றன. கடைசியில் நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எனக்கு எட்டு வயசிருக்கும். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்கு அன்றைக்கு 'பாடு'. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் முறைதான் பாடு. எறா ராத்திரியில்தான் நடமாடும், அதனால் ராத்திரி முழுக்க வேலை. என்னையும் தாத்தா கூட்டிப் போயிருந்தார். சித்திரை மாசம், அமாவாசையை ஒட்டிய நாள். தெற்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நாலு வெள்ளி சிலுவை மாதிரி நின்றது. அதன் பக்கத்தில், பால் சிந்தினாற்போல வெளுப்பாக இருந்த இடத்தின் நடுவே, ஒரு திட்டு மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"தாத்தா, அங்க மட்டும் ஏன் வெள்ளியே இல்ல?"

"அது கிழிஞ்ச இடம்டா கண்ணு. வலை கிழிஞ்சா மீன் ஓடிடும்ல? அந்த மாதிரி அங்க இருந்த வெள்ளியெல்லாம் ஓடிப்போச்சு."

நான் நம்பினேன். பல வருஷம் நம்பினேன். அப்புறம் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, எங்க தாத்தாவின் கட்சியில் பெரிய ஆள் ஒருவரும் இருந்திருக்கிறார் என்று. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே வில்லியம் ஹெர்ஷல், அவர்தான்! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் விருச்சிகத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியபோது இப்படி ஒரு கறுப்பு இடத்தைப் பார்த்து, வானத்தில் ஓட்டை என்றுதான் அவரும் நினைத்தார். பள்ளிக்கூடம் போகாத தாத்தாவும், உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி வைத்திருந்த ஹெர்ஷலும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் இல்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிய தப்பு!

இந்தத் தப்பு இன்னும் போகவில்லை என்பதுதான் என் கட்சி.

அமெரிக்காவில் பர்னார்டு என்பவர் வருஷக்கணக்காக வானத்தைப் படம் எடுத்து, 1919-ல் 182 கறுப்பு இடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். படம் எடுக்க எடுக்க, இவை ஓட்டைகள் அல்ல, பின்னால் இருக்கிற நட்சத்திரங்களை எதுவோ மறைக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. மறைப்பது புழுதி. நம் வீட்டுப் புழுதியைவிட எத்தனையோ மடங்கு நுண்ணிய புழுதி. அதோடு ஹைட்ரஜன் வாயு, கொஞ்சம் ஹீலியம். எடையில் வாயு நூறு பங்கு என்றால் புழுதி ஒரு பங்குதான் தேறும். ஆனால் மறைக்கிற வேலையை அந்த ஒரு பங்குதான் செய்கிறது.

1947-ல் பார்ட் போக் என்பவரும் எடித் ரெய்லி என்ற அம்மையாரும் இவற்றில் மிகச் சிறியவற்றை, உருண்டையாக இருப்பவற்றைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். இங்கேதான் நட்சத்திரம் பிறக்கப் போகிறது என்பது போக்கின் ஊகம். ஆங்கிலத்தில் இதற்குக் 'குளோபியூல்' என்று பெயர். நான் 'கரு உருண்டை' என்று சொல்லப் போகிறேன். நம் பாஷைக்கு ஒரு வசதி பாருங்கள்! கரு என்றால் கறுப்பு. கரு என்றால் வயிற்றில் இருப்பதும்தான். போக் சொன்ன முழு விஷயமும் இந்த இரண்டு எழுத்தில் அடங்கிவிடுகிறது.

போக் யார் தெரியுமா? டச்சுக்காரர். 1906-ல் ஹாலந்தில் ஹோர்ன் என்ற ஊரில் பிறந்தவர். எங்க ஊருக்கு வந்தவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் போக மாட்டார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்துதான் நடத்தினார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஹாலந்தில் ஆறு ஊர்களில் கிளை இருந்தது. அதில் ஒன்று ஹோர்ன். இதை வைத்துப் போக்குக்கும் எங்க குப்பத்துக்கும் சொந்தம் கொண்டாட முடியாதுதான். இருந்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம்!

உண்மையான சொந்தம் வேறு பக்கம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வான் ஆய்வகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். 1949-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அவர் எடுத்த ஒரு படத்தில் புது வால்நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. அதற்குப் 'பாப்பு-போக்-நியூகிர்க்' என்று பெயர் வைத்தார்கள். நடுவில் இருக்கிற போக், நம்ம கரு உருண்டைப் போக்தான்! அங்கே பாப்புவுக்கு ஆசிரியர். மாணவர் பெயர் முதலில், வாத்தியார் பெயர் இரண்டாவது. (நம் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் இப்படி நடக்குமா என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த உருண்டைகள் ஏன் அப்படியே நிற்கின்றன? ஏன் சில மட்டும் இடிந்து விழுந்து நட்சத்திரம் ஆகின்றன? என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதில் ஒரு ருசி இருக்கிறது, ஏனென்றால் முழுக்க முழுக்க நாம் படிக்கிற கணக்குதான்.

ஒரு கரு உருண்டையை எடுத்துக்கொள்வோம். பர்னார்டு பட்டியலில் 68-ஆம் எண். பூமியிலிருந்து ஏறத்தாழ 400 ஒளியாண்டு தூரம். அகலம் அரை ஒளியாண்டு, அதாவது நாலரை லட்சம் கோடி கிலோமீட்டருக்கு மேல். எடை, ஏறத்தாழ இரண்டு சூரியன். வெப்பம் மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவில். அதன் நடுவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு லட்சக்கணக்கில் மூலக்கூறுகள் இருக்கும். லட்சமா என்று மலைக்க வேண்டாம். நாம் மூச்சு விடும் காற்றில் அதே ஒரு கன சென்டிமீட்டரில் 25 போட்டுப் பக்கத்தில் 18 சைபர் போடவேண்டும்! நம் லேபில் வேக்குவம் பம்ப் ஓட்டி 'காலி' என்று சொல்கிறோமே, அதைவிடப் பல கோடி மடங்கு காலி இந்த மேகம். ஆனாலும் பின்னால் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் கண்ணுக்குக் காட்டாது. அவ்வளவு கனமான அடுக்கு.

இதற்குள் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஈர்ப்பு: எல்லாவற்றையும் நடுவே இழுக்கிறவர். இன்னொருவர் வாயு அழுத்தம்: வெளியே தள்ளுகிறவர். அவ்வளவு குளிரிலும் மூலக்கூறுகள் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த ஓட்டம்தான் அழுத்தம்.

இப்போது உருண்டையைக் கொஞ்சம் அமுக்கிப் பாருங்கள். சைக்கிள் பம்பில் காற்றை அமுக்கினால் சூடாகிறது, சூடானால் இன்னும் பலமாக எதிர்த்துத் தள்ளுகிறது. மேகத்தில் அப்படி இல்லை. அமுக்கும்போது வரும் சூட்டை, உள்ளே இருக்கிற கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகளும் புழுதியும் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே விட்டுவிடுகின்றன. மேகம் பழைய குளிரிலேயே இருக்கிறது. நம் புத்தகத்து ஐசோதெர்மல் கம்ப்ரஷன்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அதே பி.வி. கணக்கு.

ஆரத்தைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்று. ஆக வாயு அழுத்தம் 8 மடங்கு. ஈர்ப்பு? தூரம் பாதியானதால் இழுப்பு 4 மடங்கு. அந்த இழுப்பு விழுகிற பரப்பும் நாலில் ஒன்றாகிவிட்டது. நாலு நாலு பதினாறு. ஈர்ப்பின் அமுக்கம் 16 மடங்கு! 8-க்கு 16. ஒவ்வொரு பாதிக்கும் ஈர்ப்புக்குத்தான் வட்டி கூட.

"அப்படியானால் எல்லா மேகமும் உடனே விழுந்திருக்க வேண்டுமே?" என்று கேட்பீர்கள். நானும் இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். விடை என்னவென்றால், வட்டி கூட இருந்தாலும் முதல் குறைவு. வாயுவின் கையில் 100 ரூபாய், ஈர்ப்பின் கையில் 1 ரூபாய் என்று தொடங்கினால், முதல் தடவை 800-க்கு 16. அடுத்தது 6,400-க்கு 256... ஏழாவது பாதியில்தான் ஈர்ப்பு முந்தும். அதுவரை மேகத்தை யார் அமுக்கினாலும் அது திருப்பித் தள்ளும், பழைய நிலைக்கு வரும். முந்தின பிறகு அமுக்கினால் திரும்பாது. போய்க்கொண்டே இருக்கும்.

எங்க ஊர்ப் பாஷையில் சொன்னால், இது படகில் பாரம் ஏற்றுகிற கதை. கூடை கூடையாக ஏற்றுகிறோம். அலை வந்தால் படகு சாய்கிறது, தானே நிமிர்கிறது. இன்னும் ஏற்றுகிறோம், சாய்வு கூடுகிறது, நிமிர்வதற்கு நேரமாகிறது. ஒரு அளவுக்கு அப்புறம் ஒரே ஒரு கூடை... தண்ணீர் அமைதியாக இருக்கிறவரை படகு நிற்கும். நிற்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது! ஒரு சின்ன அலை வந்தால் நிமிராது. நிற்பது வேறு, நிலையாக நிற்பது வேறு.

எந்தக் கூடை கடைசிக் கூடை என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். 1902-ல் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்து வைத்தார். அவர் போட்டது எல்லையே இல்லாத மேகத்துக்கு. வெளியிலிருந்து ஒரு அழுத்தம் சுற்றி அமுக்க, நடுவில் உருண்டையாக நிற்கும் மேகத்துக்கு ஜெர்மனியில் எபர்ட் 1955-லும், இங்கிலாந்தில் பானர் 1956-லும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல், தனித்தனியே விடை கண்டார்கள். விடை ரொம்ப எளிது: நடுவில் இருக்கும் அடர்த்தி ஓரத்தில் இருப்பதைப் போல 14 மடங்குவரை இருந்தால் மேகம் தாங்கும். 14-ஐத் தாண்டினால் தாங்காது.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான சமவெப்பச் சார்புக்கு, 1949-லேயே எண் எண்ணாகப் பட்டியல் போட்டு அச்சிட்டவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த நம்ம சந்திரசேகர். கால்குலேட்டர்கூட இல்லாமல் நாம் ஒரு அசைன்மென்ட் முடிப்போமா, யோசியுங்கள்! அதோடு விடவில்லை. 1953-ல் பெர்மியோடு சேர்ந்து, மேகத்துக்குள் காந்தப் புலமும் இருந்தால் ஈர்ப்புக்கு எதிராக அது எவ்வளவு முட்டுக் கொடுக்கும் என்றும் கணக்குப் போட்டார். நட்சத்திர ஒளி எந்தப் பக்கமாக அதிர்கிறது என்று பார்த்து அந்தக் காந்தப் புலத்தை மதிப்பிடும் வழியும் அவர்கள் சொன்னதே. ராஜஸ்தான் அபு மலையில் இருக்கும் தொலைநோக்கியை வைத்து நம் நாட்டவர்கள் கரு உருண்டைகளைச் சுற்றி இப்படி அளந்திருக்கிறார்கள். பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் சில உருண்டைகளின் தூரத்தையே அளந்து சொன்னார்கள்.

சரி, 68-ஆம் எண் எந்தப் பக்கம்? அதை அளந்த விதம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. 2001-ல் ஆல்விஸ் என்பவரும், லாடா என்ற பெயருள்ள இரண்டு பேரும் வெளியிட்ட வேலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மேகம் சுவர் மாதிரி. அகச்சிவப்பு ஒளியோ புழுதியைக் கொஞ்சம் கடந்து வரும். சிலி நாட்டுத் தொலைநோக்கிகளை வைத்து, மேகத்துக்குப் பின்னாலும் பக்கத்திலும் இருக்கும் 3,700-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்திருக்கிறது? சிவப்பு கூடினால் அந்த இடத்தில் புழுதி கூட. மேகத்தைத் தொடாமலே அதன் உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று படம் போட்டுவிட்டார்கள். படம், எபர்ட்டும் பானரும் காகிதத்தில் போட்ட உருண்டையோடு அச்சாகப் பொருந்தியது. நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம் 14-ஐக் கொஞ்சம்... கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

கடைசிக் கூடையும் ஏற்றியாகிவிட்ட படகு!

அப்புறம் அந்த மேகத்தின் வெளிப்பகுதி மெள்ள ஆடிக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். படகு ஆடுவதேதான். 2009-ல், பக்கத்தில் இருக்கும் சிறிய மேகம் ஒன்று அதன்மேல் மோதிக்கொண்டிருக்கிறது, அதனால் இது கவிழ்ந்தே தீரும், ஏறத்தாழ இரண்டு லட்சம் வருஷத்தில் அங்கே நட்சத்திரம் பிறக்கும் என்று இரண்டு பேர் எழுதினார்கள். இல்லை, இன்னும் தாங்கலாம் என்பவர்களும் உண்டு. நம் ஆயுசில் தீர்ப்பு வராத வழக்கு.

போக்கின் ஊகம் என்ன ஆச்சு என்று சொல்லாமல் விட்டேன். 1983-ல் அவர் இறந்துபோனார். பாப்பு அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அகச்சிவப்பில் வானம் முழுவதையும் பார்க்க அனுப்பிய ஐராஸ் செயற்கைக்கோள் பறந்ததும் அதே 1983-ல்தான். அது தந்த தகவலைக் கொண்டு 1990-ல் யுன், கிளமென்ஸ் என்ற இருவர், ஏறத்தாழ நாலில் ஒரு கரு உருண்டைக்குள் பிறந்த குழந்தை நட்சத்திரம் இருக்கிறது என்று காட்டினார்கள். போக் சொன்னது சரிதான் என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மீதி மூன்று பங்கு? சில காத்திருக்கின்றன. சில ஒன்றும் ஆகாமலே கலைந்துபோகும். எங்க தாத்தா காட்டிய அந்தத் தென்சிலுவைப் பக்கத்துத் திட்டு, ஆங்கிலத்தில் 'கரிமூட்டை' என்று பொருள்படும் பெயர் கொண்டது, எவ்வளவோ பெரிய மேகம். ஆனாலும் அதற்குள் நட்சத்திரம் பிறந்ததற்கான அடையாளம் இல்லை. கிழிந்த வலை இல்லை தாத்தா, இன்னும் அறுவடைக்கு வராத வயல்!

இதையெல்லாம் நான் ஏன் சங்கத்து மலரில் எழுதுகிறேன்?

ஒரு கம்பெனி இன்டர்வியூவில், "வேற என்ன படிப்பே?" என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். "டிப்ளமோ மெக்கானிக்கல் பையனுக்கு நட்சத்திரம் எதுக்குப்பா? லேத் ஓட்டத் தெரியுமா?" லேத்தும் ஓட்டத் தெரியும் சார் என்றேன். அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசில்லை. குப்பத்துப் பையன் என்றாலும் அதே சிரிப்புதான். எங்க ஊரை வரைபடத்தில் பார்க்கிறவர்களுக்கு ஏரி ஒரு நீலக் கறை, கரை ஒரு காலி இடம். 'காலி' என்று எழுதிய இடத்தில் எத்தனை தலைக்கட்டு, எத்தனை பாடு, எத்தனை தலைமுறைக் கணக்கு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது அப்புறம்தான். எங்க ஏரியையும் கடலையும் பிரிக்கிற ஸ்ரீஹரிக்கோட்டா தீவும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்க்கப்பட்டது. ஏவுதளம் வந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் இடம் பெயர வேண்டி வந்தது.

ராக்கெட்டை நான் குறை சொல்லவில்லை. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி காலையில் அஸ்ட்ரோசாட் போனது அங்கிருந்துதான். இந்தியா வானவியலுக்கென்றே அனுப்பிய முதல் செயற்கைக்கோள். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று எங்களுக்கு அறிவிப்பு வரும். கரையில் நின்று அண்ணாந்து பார்ப்போம். நட்சத்திரத்தைப் படிக்கப் போகிற கண் எங்கள் தலைக்கு மேல்தான் போகிறது. ஆனால் அதே கரையில் நிற்கிற பையனுக்கு நட்சத்திரம் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

தெரியவில்லை. போன சித்திரையில் தாத்தா நின்ற அதே இடத்தில் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றேன். தென்சிலுவை உச்சத்துக்கு வரும் நேரம் அது. எங்க ஊரிலிருந்து அந்தக் கறுப்புத் திட்டின் உச்சமே அடிவானத்துக்கு மேல் 13, 14 டிகிரிதான். அதாவது கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம்கூட இல்லை. சிக்கல் என்னவென்றால் அது தெற்கு. எங்களுக்குத் தெற்கேதான் எண்ணூர், அதைத் தாண்டிச் சென்னை. முழுத் தெற்கும் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொதித்துக் கிடந்தது. சிலுவையின் நாலு வெள்ளியில் மூன்று, தேடினால், தெரிந்தது. கறுப்புத் திட்டைக் காணோம். கறுப்பு தெரிய வேண்டுமென்றால் சுற்றி இருக்கிற பால் வெளுப்பு தெரிய வேண்டும். வெளுப்பு போனால் கறுப்பும் போச்சு!

பர்னார்டு 68 இருக்கும் பக்கமும் தெற்குதான், கொஞ்சம் உயரத்தில். போக் கரு உருண்டைகளைப் பார்த்த இடங்களில் ஒன்றான தனுசு ராசியின் 'லகூன் நெபுலா'வும் அந்தப் பக்கமே. லகூன் என்றால் எங்க ஏரி மாதிரிக் காயல் என்று அர்த்தம். வானத்துக் காயலைப் பூமிக் காயலிலிருந்து பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது.

நைனாவிடம் புலம்பினேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு வெள்ளி வேணும், எனக்குக் கரை வேணும். அந்த லைட்டு இருக்கிறதாலதான் கண்ணை மூடிக்கினு கரை வந்து சேர்றோம். செல்லுல மேப்பு வேற இருக்கு. உங்க தாத்தா காலத்துல திசை தப்பி வடக்கே போயிட்டவன் எத்தினி பேரு தெரியுமா?" ஆயாவும் சேர்ந்துகொண்டாள். விடியற்காலை மூணு மணிக்கு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவள் அவள். தெரு விளக்கு வந்த நாளில் கற்பூரம் கொளுத்தினவள்.

அவர்கள் சொல்வது நியாயம். இருட்டுக்காக யாரும் விழுந்து கால் உடைத்துக்கொள்ள வேண்டாம். விளக்கை அணை என்று நான் சொல்லவில்லை. விளக்கைக் கவிழ் என்கிறேன்! ஆயாவுக்கு வெளிச்சம் வேண்டியது காலடியில். நம் விளக்குகளில் பல பக்கவாட்டிலும் மேலேயும் ஒளியைக் கொட்டுகின்றன. மேலே போகிற ஒளி யாருக்கும் உதவாது. கரண்ட் பில் மட்டும் ஏறும். கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் இருப்பதால் அந்த ஒளி இன்னும் மோசமாகச் சிதறி வானத்தை வெளுக்கிறது. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஆனால் அதைவிட மோசம். நீலம்தான் அதிகம் சிதறும். மேலே ஒரு தகர மூடி, கொஞ்சம் மஞ்சளான விளக்கு. ஷீட் மெட்டல் கடையில் முதல் வருஷப் பையன் செய்துவிடுவான். லடாக்கில் ஹான்லே பக்கம் 2022-ல் இருட்டுக்கென்றே ஒரு காப்பகம் அறிவித்தார்கள். நம் மாநில அரசும் கொல்லிமலையில் அப்படி ஒரு பூங்கா அமைப்பதாக 2023-ல் சொன்னது. மலையைக் காப்பாற்றுகிறார்கள், சரி. கடற்கரைக்கு யாரும் பேசவில்லை. தென்கோடி வானம் தடையில்லாமல் தெரிவது கடற்கரையில்தானே?

இனி கோரிக்கை. வருஷா வருஷம் சங்க விழாவுக்கு ஃப்ளெக்ஸ், ஸ்பீக்கர், அலங்கார விளக்கு என்று எவ்வளவு செலவாகிறது என்று பொருளாளருக்குத் தெரியும். (அந்த அலங்கார விளக்கும் மேலே பார்த்துத்தான் எரிகிறது.) அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நாமே செய்யலாம். வாங்க வேண்டாம், செய்யலாம்! காவலூரில் 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியே, பாப்புவின் முயற்சியில் தொடங்கி, நம் நாட்டிலேயே வடிவமைத்து, கண்ணாடியையும் இங்கேயே தேய்த்துச் செய்ததுதான். ஆறு அங்குலத்துக்கு நமக்கென்ன பயம்? இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு ஒன்றன்மேல் ஒன்றைத் தேய்க்க வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் குழிந்தால் போதும். ஆனால் கடைசி மெருகில் பிழை, நம் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்டில் நூறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதைக் கையாலேயே சாதிக்கிறார்கள், ஒரு பிளேடையும் சின்ன விளக்கையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். குழாயும் ஸ்டாண்டும் நம் ஃபிட்டிங் ஷாப் வேலை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதில் 68-ஆம் எண்ணின் உள்ளே ஒன்றும் தெரியாது. நல்ல இருட்டில், நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஒரு சின்ன இடம் வெறுமையாக இருப்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்லையே' என்று சொல்கிறவனிடம் 8-க்கு 16 கணக்கைச் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேன்.

துறைத் தலைவரிடம் வாய்மொழியாகக் கேட்டாகிவிட்டது. எழுதிக் கொடு என்றார். தேய்ப்பதற்கு மாலை நாலரைக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலை வேண்டும். ஒரு பழைய டிரம், அதைச் சுற்றிச் சுற்றி நடக்க இடம், தண்ணீர்க் குழாய். இரண்டாம் வருஷத்தில் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் இருந்தால் சித்திரைக்குள் முடியும். அந்த மாச அமாவாசை ராத்திரிக்கு எங்க குப்பத்தில் சாப்பாடு என் பொறுப்பு. எறா கிடைத்தால் எறா. தாத்தாவுக்கு இப்போது கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஐபீஸில் முதலில் அவர்தான் பார்ப்பார்.